நான்கு மீட்டர் ஸ்டான்லி மேத்யூஸ்

ஒரு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். நோட்டில் இந்தக் கணக்கை எழுதி வைத்தபோது அது எங்கே போய் முடியும் என்று யோசிக்கவில்லை. இதற்கு முன் இரண்டு கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு, அவர்கள் ஆடிய காலத்தை இப்படி நீளமாக்கிக் காகிதப் பட்டை செய்திருக்கிறேன். இருவருக்கும் ஒன்றரை மீட்டரைத் தாண்டவில்லை. விங்கருக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரனுக்கு, முதலில் போவது கால் வேகம்தான். பதினைந்து வருடம் நிறையப் பேருக்கு வாய்க்காது.

இந்த முறை எடுத்துக்கொண்டது இங்கிலாந்து விங்கர் ஸ்டான்லி மேத்யூஸ். 1932 மார்ச்சில் ஸ்டோக் சிட்டி கிளப்புக்காக பரி ஊர் மைதானத்தில் முதல் லீக் ஆட்டம். 1965 பிப்ரவரி 6இல் அதே ஸ்டோக்குக்காக ஃபுல்ஹாமுக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம். முதல் ஆட்டத்தில் வயது 17. கடைசி ஆட்டத்தில் 50 முடிந்து ஐந்து நாள். 1932 ஜனவரியிலிருந்து கோடு போட்டால் மொத்தம் 398 சென்டிமீட்டர். என் அறைச் சுவர் பத்தடி. அதாவது 305.

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். கடைகளில் பில் அடிக்கும் ரோல் ஒன்று வீட்டில் இருந்தது. நீளத்துக்குக் கவலையில்லை, வெட்டி ஒட்டவும் வேண்டாம். ஆனால் விரித்தால் சுருண்டு சுருண்டு பழைய இடத்துக்கே போனது. இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து ஒரு தடவு தடவினேன். சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது என்பது தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. 1932 முதல் 1938 வரை ஒரே கறுப்பு. மேத்யூஸ் பிறந்த ஹேன்லி, ஸ்டோக் எல்லாம் மண்பாண்டச் சூளைகளின் புகையில் கிடந்த ஊர்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "முதல்ல இஸ்திரிப் பெட்டியைத் துடைச்சு வை" என்றாள்.

இரண்டாம் ஞாயிறு வெள்ளைச் சார்ட் வாங்கிப் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, பின்பக்கம் ஒட்டி ஒட்டி நீளமாக்கினேன். வண்ணங்கள் முடிவாயின. ஸ்டோக்குக்குச் சிவப்பு, பிறகு அவர் ஆடிய பிளாக்பூல் கிளப்புக்கு அவர்கள் சட்டையின் ஆரஞ்சு, இங்கிலாந்து அணிக்கு மேலே மெல்லிய நீலக் கோடு. கோல்களுக்கு அக்கா தந்த ஸ்டிக்கர் பொட்டு, கறுப்பு, இருப்பதிலேயே சின்ன அளவு. நல்ல யோசனை, என்னுடையது இல்லை.

முதல் ஒரு மீட்டர் சுகமாகப் போனது. அப்பா ஜாக் மேத்யூஸ் முடிதிருத்துபவர், குத்துச்சண்டைக்காரரும்கூட. விடியற்காலையில் எழுப்பிப் பயிற்சி செய்ய வைப்பாராம். பையன் 15 வயதில் ஸ்டோக் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, 17ஆம் பிறந்தநாளில் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்துப் போட்டார். 1933இல் ஸ்டோக் லீக்கின் இரண்டாம் தட்டான இரண்டாம் டிவிஷனை வென்றது. அந்தப் பருவத்தில் அவருக்கு ஒரே ஒரு கோல், அதுவும் உள்ளூர்ப் போட்டியாளரான போர்ட் வேலுக்கு எதிராக. முதல் பொட்டு. அதற்கு அடுத்த மூன்று பருவங்களில் பருவத்துக்குப் பத்து வாக்கில் கோல் வந்ததால் பொட்டுகள் நெருக்கமாக உட்கார்ந்தன. 1934 செப்டம்பரில் நீலக் கோடு தொடங்கியது. கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல். 1937 டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக மூன்று. 1938 மேயில் பெர்லினில் ஒன்று. அந்த ஆட்டத்துக்கு முன்னால்தான் இங்கிலாந்து வீரர்களை நாஜி வணக்கம் வைக்கச் செய்தார்கள். 6–3 என்று ஜெயித்தும் அந்தப் புகைப்படம்தான் நின்றது.

அதே 1938 தொடக்கத்தில் அவர் ஸ்டோக்கை விட்டுப் போகிறேன் என்றார். ஊர் மண்டபத்தில் மூவாயிரம் பேர் கூடிவிட்டார்கள், போகக் கூடாது என்று. போகவில்லை.

92ஆம் சென்டிமீட்டரில் கை நின்றது. 1939 செப்டம்பர். போர் வந்ததும் லீக் நிறுத்தப்பட்டது, மறுபடி தொடங்கியது 1946 ஆகஸ்டில்தான். 83 சென்டிமீட்டருக்குச் சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. எழுத்தில் படிக்கும்போது 'போரால் ஆறேழு ஆண்டுகள் இழந்தார்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். வெள்ளையாகக் கிடந்த அந்த நீளத்தின் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். தோளிலிருந்து விரல்நுனி வரை நீட்டியும் தாண்ட முடியவில்லை. 24 வயதிலிருந்து 31 வரை. விங்கர் ஒருவருக்கு இதைவிட நல்ல வயது கிடையாது.

அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லணும். விமானப்படையில் சேர்ந்தார், பிளாக்பூல் பக்கம் பணி. அந்த அணிக்கு விருந்தாளியாக ஆடினார், போர்க்கால இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். எதுவும் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறாது. பென்சிலால் லேசாக நிழல் அடித்தேன். வெறும் வெள்ளையாக விட மனசில்லை.

அந்தப் பகுதியின் கடைசியில், 1946 மார்ச் 9க்கு மட்டும் சின்னதாக ஒரு சிலுவை. லீக் திரும்பும் முன்பே கோப்பைப் போட்டி தொடங்கிவிட்டது. போல்டன் ஊரின் பர்ன்டன் பார்க்கில் ஸ்டோக்கும் போல்டனும் ஆடிய அன்று கூட்ட நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். மேத்யூஸ் அந்த ஆட்டத்தில் இருந்தார். அன்றைக்கு வேறு எதுவும் ஒட்டாமல் எழுந்துவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு ஆரஞ்சு. 1947 மே 10, 184ஆம் சென்டிமீட்டர். மேலாளர் பாப் மெக்ரோரியுடன் ஒத்துப்போகாமல் 11,500 பவுண்டுக்கு பிளாக்பூல் போனார். ஸ்டோக் அப்போது முதல் டிவிஷன் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்தது! கடும் பனியால் இழுத்துக்கொண்டே போன பருவம் அது. ஜூனில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை ஜெயித்திருந்தால் பட்டம். 2–1 என்று தோற்றார்கள். இப்படி ஒருவரை அந்த நேரத்தில் விற்கிற புத்திசாலித்தனம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவருக்கு அப்போது 32. இரண்டு வருடம் ஓட்டினால் போதும் என்று எண்ணி வாங்கும் வயது. ஓட்டியது பதினான்கு வருடத்துக்கு மேல், 173 சென்டிமீட்டர். என் ஆரஞ்சு ஸ்கெட்ச் இரண்டு தீர்ந்தது.

ஆனால் பொட்டு? 379 லீக் ஆட்டத்தில் 17 கோல். சில பருவங்கள் முழுக்க ஒன்றுகூட இல்லை. அக்கா மகன் வந்து பார்த்தான். அவன் பார்க்கிற இன்றைய விங்கர்கள் எல்லாம் கோல் கணக்கிலேயே விலை போகிறவர்கள். "என்ன மாமா, இந்த இடமெல்லாம் காலியா இருக்கு. இவர் தூங்கிட்டாரா?" என்று கேட்டான்.

உண்மையில் என் பட்டையில்தான் கோளாறு. இவர் செய்த வேலை அதில் விழவில்லை, எதிரே ஓரத்தைக் காத்து நிற்கும் ஃபுல் பேக்குக்குத்தான் அது தெரியும். மேத்யூஸ் பந்தை மெதுவாக அவனருகே கொண்டுபோவார். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார், உள்ளே வரப்போகிறார் என்று அவனும் எடையை அந்தக் காலுக்கு மாற்றுவான். அந்த நொடியில் வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைக் கோட்டோரம் தள்ளி முதல் நான்கைந்து எட்டில் பறந்துவிடுவார். அப்புறம் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் நிற்பவர்களுக்கு அடிக்கும் பந்து. எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஏமாற்று வித்தை, முப்பது வருடமாக யாருக்கும் பிடிக்க வரவில்லை. நானும் மொட்டை மாடியில் செய்து பார்த்தேன். சாய்வது சுலபம். சாய்ந்த பிறகு அந்தக் காலிலிருந்து உடம்பைத் திரும்ப எடுப்பதுதான் வித்தை. மூன்றாவது முயற்சியில் பந்து தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போனது, கணுக்கால் இரண்டு நாள் வலித்தது.

அப்படி அவர் கொடுத்த பந்துகளை அந்தக் காலத்தில் யாரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. அதனால் மஞ்சள் நூல் எடுத்தேன். பட்டைக்குக் கீழே இன்னொரு சின்னப் பட்டை, அதில் மற்றவர்களின் பொட்டு. எல்லா ஆட்டத்துக்கும் முடியாது. ஒன்றே ஒன்று, 256ஆம் சென்டிமீட்டர், 1953 மே 2, வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி.

1948இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றிருந்தார், 1951இல் நியூகாசிலிடம். இது மூன்றாவது இறுதி, வயது 38, எதிரே அதே போல்டன். போல்டன் 3–1 என்று முன்னிலை. ஆனால் அவர்களில் எரிக் பெல் காயத்தோடு நொண்டிக்கொண்டிருந்தார், இடது ஃபுல் பேக் ரால்ஃப் பேங்க்ஸுக்குக் காலில் பிடிப்பு. அந்தப் பக்கம்தான் மேத்யூஸ். அவர் கிராஸிலிருந்து பிளாக்பூலின் ஸ்டான் மார்டென்சன் ஒன்று போட்டார். பிறகு கடைசி நேரத்தில் ஃப்ரீ கிக்கில் இன்னொன்று, 3–3. ஆட்டம் முடியும் தறுவாயில் மேத்யூஸ் மறுபடி ஓரமாகப் போய், வழுக்கிக்கொண்டே பின்னால் இழுத்துக் கொடுத்த பந்தை பில் பெர்ரி அடித்தார். 4–3.

அதை ஊர் 'மேத்யூஸ் ஃபைனல்' என்கிறது. கோல் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. மூன்று கோல் போட்ட மார்டென்சனுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான், ஜெயிக்க வைத்த பெர்ரியும் மறு ஓரத்து விங்கர். ஆனாலும் கீழ்ப்பட்டையில் நான்கு பொட்டு வைத்து, மேலிருந்து இரண்டு நூலை இழுத்துக் கட்டியதும் அக்கா மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓ, இப்படி எண்ணணுமா" என்றான். அதோடு போய்விட்டான், கிரிக்கெட் இருந்தது.

நான்காம் ஞாயிறு சுவரில் ஏற்றினேன். 1950இல் அமெரிக்காவிடம் இங்கிலாந்து தோற்ற உலகக் கோப்பை ஆட்டத்தில் அவரைச் சேர்க்கவில்லை, அங்கே நீலக் கோட்டில் ஓர் ஓட்டை. 1956 மேயில் பிரேசிலுக்கு எதிராக 4–2, அவருக்கு 41 வயது, எதிரே அவர்களுடைய ஃபுல் பேக் நில்டன் சாண்டோஸ். அதே ஆண்டு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பாலோன் டி'ஓர், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவை மூன்று புள்ளியில் முந்தி இவருக்கு. 1957 மே, டென்மார்க்குக்கு எதிராக நீலக் கோடு முடிந்தது. 54 ஆட்டம், 11 கோல்.

அந்த இடம் 304ஆம் சென்டிமீட்டர். சுவரும் அங்கேதான் முடிகிறது. திட்டமிட்டிருந்தால் இப்படி அமைந்திருக்காது. மூலையில் மடித்து அடுத்த சுவருக்குத் திருப்பினேன். விங்கர் மைதான மூலைக் கொடிக்கம்பத்தோரம் வளைந்து போகிற மாதிரிதான் இருந்தது.

மூலைக்கு அப்பால் ஆரஞ்சு இன்னும் அரை மீட்டர் ஓடி 1961 அக்டோபரில் மறுபடி சிவப்பாகிறது. 46 வயதில் ஸ்டோக் திரும்பி வருகிறார். அதற்கு முந்தைய ஆட்டத்துக்கு எட்டாயிரம் சொச்சம் பேர் வந்த மைதானத்துக்கு அன்று 35 ஆயிரத்துக்கு மேல். 1963இல் லூட்டனுக்கு எதிரே அவர் ஒரு கோல் போட்டார், அந்தப் பருவத்தில் அவருடைய ஒரே கோல், ஸ்டோக் முதல் டிவிஷனுக்கு ஏறியது. இரண்டாம் டிவிஷன் பட்டம், முதல் பட்டத்திலிருந்து சரியாக 360 சென்டிமீட்டர் தள்ளி.

மொத்தம் 697 லீக் ஆட்டம், 71 பொட்டு. பாக்கெட்டில் மீதி இருந்ததை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 398ஆம் சென்டிமீட்டர் கதவுக்குப் பின்னால் விழுகிறது. யார் கதவைத் திறந்தாலும் ஃபுல்ஹாம் ஆட்டம் உரசுகிறது, சிவப்பு ஏற்கெனவே கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கதவுக்கு ரப்பர் கட்டை வாங்கி அடிக்க வேண்டும்.