சூறாவளிக்குப் பிறகு வைத்த தென்னை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தை நடந்து கடக்கலாம் என்று நினைத்தது என் பிழைதான். நவம்பர் கடைசி. வாவிக்கு மேலால் வந்த வாடைக்காற்று பாதிப் பாலத்திலேயே குடையை மறுபக்கம் புரட்டிவிட்டது. நண்பனின் அம்மம்மா வீட்டுக்குத் தெப்பமாக நனைந்துதான் போய்ச் சேர்ந்தேன். "இந்த மாசத்தில ஆராவது குடையை நம்புவாங்களா மகன்?" என்று துவாயை நீட்டினார்.

அம்மம்மா ஆண்டுக்கணக்குச் சொல்வதில்லை. கல்யாணம், கிணறு வெட்டியது, மூத்த மகன் பிறந்தது எல்லாமே சூறாவளிக்கு முதல் அல்லது சூறாவளிக்குப் பிறகு. 1978 நவம்பர் 23 இரவு அது. 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

கூரை ஓடுகள் பறந்துகொண்டிருந்தபோது எல்லோரும் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார்களாம். திடீரென்று காற்று நின்றுவிட்டது. சரி, முடிந்தது என்று அவருடைய கணவர் லாம்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கியிருக்கிறார். புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கிற கண் கடந்துபோகிற நேரம் அது. கண்ணுக்கு மறுபுறத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அவர் திரும்பி ஓடிவந்து கதவைச் சாத்தியபோது கையில் லாம்பு இல்லை. "விடிய எழும்பிப் பார்த்தா வாசல்ல நிண்டே கடல் தெரிஞ்சிது மகன்." அதுவரை கடலை மறைத்து நின்றது தென்னந்தோப்பு.

மழை விட்டதும் கடற்கரைக்குப் போனோம். கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்த்தது. படத்தில் பார்க்கும்போது கமராவைச் சரித்துப் பிடித்தார்களோ என்று தோன்றும். நேரில் பார்த்தால் நம் கழுத்துத்தான் தானாகச் சரிகிறது. அங்கிருந்து வடக்கே நாவலடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. ஓடுவதற்கு எந்தப் பக்கமும் தரை இல்லை. ஊரே அழிந்துபோனது. தெற்கே பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து இந்தக் கரையை அலை தொட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறது. அவ்வளவு நேரமும் இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

திரும்பி வந்தபோது நண்பன் வளவு மூலையில் நின்ற தென்னையைக் காட்டினான். சூறாவளிக்குப் பிறகு அம்மம்மா வைத்த கன்று. சுனாமியன்று அவனுடைய மாமா அதைக் கட்டிப்பிடித்துத்தான் தப்பினாராம். உச்சியில் பிடிக்கிற காற்றுக்கு விழுகிற மரம், அடியில் வந்த தண்ணீருக்கு விழவில்லை. ஒல்லியான தண்டு, தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் பிரிந்து போயிருக்கிறது.

இப்போது காய்ப்பும் குறைவு. மரத்தைத் தறித்துத் தரட்டுமா என்று போன வருடம் ஓர் ஆள் வந்து கேட்டானாம். அம்மம்மா அவனுக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிட்டார்.