டர்போவுக்கு முன்னால் ஒரு துளை

மலேசியாவில், பெந்தோங்கிலிருந்து இஞ்சியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு செலாயாங் மொத்தச் சந்தைக்கு வாரம் நான்கு நடை ஓடுகிறது என் லோரி. நான்கு சிலிண்டர், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப், புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று ஒரு பட்டறையில் குறைபட்டுக்கொண்டேன். பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் லோரி பறந்தது. நான்காம் மாதம் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன், ஓரம் வழிந்த வெல்லக்கட்டி போல என் கைக்கு வந்தது. செலவு 6,800 வெள்ளி (ரிங்கிட்).

அத்தனை நாளும் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த முள் தண்ணீரை மட்டும்தான் அறியும். சிலிண்டருக்குள் எரிவதன் சூட்டை அறிய வேண்டுமானால் புகையைத்தான் கேட்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டீசலில் கணக்கு வேறு. காற்று அளவாக இருக்க டீசல் கூடக்கூடப் புகைச் சூடும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே ஒரு மீட்டரும், புகைக்குள் நீட்டி வைக்கும் உணர்கம்பியான புரோப்பும் வாங்கினேன். கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகக் கலவைக் கம்பிகளின் முனையைச் சேர்த்துச் சூட்டை அளப்பது. ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். பொருத்தியது நானே. டர்போவுக்குப் பின்னால் கீழிறங்கும் புகைக்குழாயில் துளை போட்டேன். கை எட்டும் இடம், மெல்லிய தகடு, இரும்புத் துகள் விழுந்தாலும் சைலன்சர் பக்கம்தான் போகும். அரை மணி நேர வேலை. ஒயர் கேபின்வரை எட்டவில்லை. வீட்டில் கிடந்த விளக்கு ஒயரை ஒட்டி நீட்டிவிட்டேன். புக்கிட் திங்கி ஏற்றத்தில், முழுப் பாரத்துடன், 440 டிகிரி. நிம்மதியாக ஓட்டினேன்.

செந்தூலில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். லோரி வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர் மாமா. எண்ணெய் மாற்றப் போனபோது மீட்டரைப் பெருமையாகக் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து ஒயரைப் பார்த்தார்.

"இந்தச் செம்பு ஒயரை யார் போட்டது தம்பி?"

தெர்மோகப்பிள் ஒயர் சாதாரண ஒயர் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. புரோப்பில் இருக்கும் அதே இரண்டு உலோகக் கலவைகள் மீட்டர்வரை போக வேண்டும். நடுவில் செம்பு வந்தால், ஒட்டு இருக்கும் இடத்துக்கும் மீட்டர் இருக்கும் இடத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அப்படியே கணக்கிலிருந்து கழிந்துவிடும். என் ஒட்டு எஞ்சின் பக்கத்தில், மீட்டர் கேபினில். அதற்குரிய ஒயரை மாற்றியதும், அதே ஏற்றம் அதே பாரத்தில் 490 காட்டியது. பிழை செய்தாலும் கூட்டிக் காட்டியிருந்தால் பயந்தாவது ஓட்டியிருப்பேன், குறைத்தல்லவா காட்டியிருக்கிறது.

"இதுவும் பாதி உண்மைதான்," என்றார் மாமா. டர்போவைச் சுழற்றும் வேலையிலேயே புகை தன் சூட்டில் ஒரு பங்கை இழக்கிறது. பின்னால் வைத்த புரோப் அந்த மிச்சத்தை அளக்கிறது. "அப்படியானால் ஒரு நூற்றைம்பதைக் கூட்டிப் படித்துக்கொள்கிறேனே?" என்றேன். சிரித்தார். அந்த இழப்பு நிலையானதாக இருந்தால்தானே? சும்மா நிற்கும்போது வித்தியாசம் சொற்பம், ஏற்றத்தில் இழுக்கும்போது அதிகம். எப்போது சரியான எண் வேண்டுமோ, அப்போதுதான் பிழையும் பெரிதாக இருக்கும்.

அப்படியானால் புரோப்பை டர்போவுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். அதில் எனக்கிருந்த பயம் ஒன்றுதான்: புரோப் முனை உடைந்தால் நேரே டர்பைனுக்குள், அதாவது புகை சுழற்றும் சக்கரத்துக்குள் போகும். நல்ல புரோப் லேசில் உடையாது, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார் என்றார். துளை போடும்போது விழும் துகள்தான் அவருடைய பயம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரத்துக்கு ஒரு துகள் போதும். எஞ்சினை ஓடவிட்டுப் புகையாலேயே துகளை வெளியே தள்ளிக்கொண்டு துளை போடுகிறவர்களும் உண்டு. மாமா அதற்கு ஒப்பவில்லை, டர்போவைக் கழற்றினார்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் பிடித்தது. நான்கு சிலிண்டரிலிருந்து வரும் நான்கு வழிகளும் மேனிஃபோல்டில் ஒன்று சேர்ந்து டர்போவின் வாயில் நுழைகின்றன. ஏதாவது ஒரு கிளையில் வைத்தால் அந்த ஒரு சிலிண்டரின் கதைதான் தெரியும். எனவே எல்லாம் சேரும் இடத்தில், டர்போ பொருந்தும் விளிம்புக்குச் சற்று முன்னால். ஆனால் அங்கே சுவர் தடிமனாக இருக்க வேண்டும், ஸ்பேனர் சுழல இடம் வேண்டும், ஒயர் எதன்மீதும் உரசக் கூடாது. சாக்பீஸால் மூன்று இடத்தில் குறி வைத்து இரண்டை அழித்தார்.

துளைக்க முதலில் சிறிய டிரில் பிட், பிறகு 8.5 மி.மீ. வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, கறுப்புத் தூளாக உதிரும். கிரீஸ் பூசிய பிட்டில் அது சேறாக ஒட்டிக்கொண்டது. எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரை கூம்பாக ஒடுங்கும். மரை வெட்டும் டேப்பை முழுக்க இறக்கினால் ஓட்டை அகன்று, புரோப்பைத் தாங்கும் பொருத்தி பிடிக்காமல் போகும். எனவே இரண்டு சுற்று, கழற்று, பொருத்தியை வைத்துப் பார், மறுபடி இரண்டு சுற்று. அதற்கே முக்கால் மணி நேரம். கடைசியில் உள்ளே காந்தம் விட்டுத் துழாவினார். துணி சுற்றிய விரலையும் விட்டார். புரோப் முனை வழியின் நடுவில் நிற்கும்படி அளந்து இறுக்கினோம்.

மறுநாள் அதே ஏற்றம், அதே பாரம்: 650. என் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது.

தொடர்ந்து இழுக்கும்போது 700-ஐத் தாண்டவிடாதே என்பது மாமா கொடுத்த எல்லை. சுத்த அலுமினியம் 660-இல் உருகும். பிஸ்டன் கலவை அதற்கும் முன்பே இளகும். உள்ளே எண்ணெயும் புதுக்காற்றும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. முள் ஏறினால் ஒரு கியர் குறைக்கிறேன். எஞ்சின் வேகமாகச் சுற்றிக் காற்றை அதிகம் வாங்குகிறது, அரை நிமிடத்தில் நாற்பது ஐம்பது டிகிரி இறங்குகிறது. ஏற்றத்தின் நடுவில் தேநீருக்கு நிறுத்தினால் முள் 200-க்குக் கீழே வரும்வரை எஞ்சினை அணைப்பதில்லை. சூடான டர்போவில் நின்றுபோன எண்ணெய் கரியாகிவிடும். கெந்திங் செம்பா சுரங்கத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. கோம்பாக் இறக்கமே ஆற்றிக் கொடுத்துவிடும்.

போன மாதம் ஒரு நடையில், கியர் குறைத்தும் 710-ஐ விட்டு இறங்கவில்லை. ஓரங்கட்டிப் பார்த்தேன். டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயில், கிளாம்புக்கு அடியில் ஒரு விரல் நீள வெடிப்பு. எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று அதில் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றினேன், மறுநடையில் 640. பின்னால் போட்ட என் பழைய துளையை ஒரு போல்ட் வைத்து அடைத்திருக்கிறோம். அது இன்னும் லேசாகக் கரி கக்கிக்கொண்டுதான் இருக்கிறது.