சிலேட்டும் விசிலும்

ஏப்ரல் 12, 2024
அப்பா 14 நாள் பேசக்கூடாதாம். கிசுகிசுன்னு பேசுறதும் கூடாதாம், அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். ஆஸ்பத்திரி வாசல் கடைல ஒரு சிலேட்டும் ஒரு டப்பா பல்பமும் வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதுல எழுதுன மொத வார்த்தை: விசில்? டாக்டரம்மாகிட்ட காட்டுனேன். அதுவும் வேணாம்னுட்டாங்க.

ஏப்ரல் 14
சாயங்காலம் 'விசில் போடு' பாட்டு வந்துருச்சு. விஜய்யே பாடிருக்காரு, மியூசிக் யுவன். 2003ல புதிய கீதைக்கு அப்புறம் 21 வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் சேர்றாங்க, நான் எவ்வளவு நாளா எதிர்பார்த்துட்டு இருந்தேன். ஆனா இந்த வாரமா வரணும் இந்தப் பாட்டு? தெருப்பயலுக எல்லாம் போன்ல அதையே திருப்பித் திருப்பி போடுறாய்ங்க. நான் எங்க வீட்டுல சவுண்டைக் குறைச்சேன், அப்பா கையைத் தூக்கி கூட்டு கூட்டுன்னு காட்டுறாரு. மொத தடவ எனக்கு ஒட்டல. நாலாவது தடவ கால் தானா ஆடுது.

ஏப்ரல் 15
இருமுறாரு. ரெண்டு தடவ.

ஏப்ரல் 17
இன்னையோட கில்லி வந்து 20 வருஷம். 2004, ஏப்ரல் 17. அன்னைக்கு எனக்கு பத்து வயசு. அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு கவுண்டர் கிட்ட நின்னது, வேர்வை நாத்தம், எவனோ கிழிச்சுப் போட்ட பேப்பர் தலைல விழுந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கு. படத்துல வேலு கபடி ஆட மதுரைக்கு வர்றான், முத்துப்பாண்டி கழுத்துல கத்தியை வச்சு அத்தன ஜனத்துக்கு நடுவுல தனலட்சுமியைக் கூட்டிட்டுப் போறான். நம்ம ஊரு வில்லன் கழுத்துல மெட்ராஸ்காரன் கத்தி, அதுக்கு நம்ம ஊருக்காரய்ங்களே கத்தித் தீர்த்தாய்ங்க. அந்த சத்தத்துக்கு மேல அப்பாவோட விசில். நாக்கை மடிச்சு ரெண்டு விரலை வச்சா போதும், பால்கனில இருக்கவன் எட்டிப் பாப்பான். எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரல, காத்து மட்டும்தான் வருது.

4கேல சுத்தம் பண்ணி சனிக்கிழமை திரும்ப ரிலீஸ் பண்றாங்க. டிக்கெட் போட்டுட்டேன், ஒண்ணே ஒண்ணு. அப்பாகிட்ட சொல்லல.

ஏப்ரல் 18
பொங்கலுக்கு அப்புறம் பெரிய தமிழ்ப் படமே சரியா இல்ல, தேர்தல் வேற, அதான் பழைய படமா எடுத்துப் போடுறாங்கன்னு சித்தப்பா சொல்றாரு. இருக்கலாம். ஆனா பிப்ரவரில வந்த மஞ்சும்மல் பாய்ஸை நம்ம ஜனம் எப்படி ஓட்டுச்சு? குணா பாட்டு வர்ற இடத்துல ஒவ்வொரு ஷோவும் தியேட்டரே கூடப் பாடுச்சு. அந்த குணா 1991 தீபாவளிக்கு தளபதியோட ஒரே நாள்ல வந்த படம். அப்பா அன்னைக்கு தளபதிக்குப் போனவரு, குணாவ தியேட்டர்ல பாக்கவே இல்ல. மலையாளப் படத்துல அந்தப் பாட்டைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா முணுமுணுத்துட்டே இருந்தாரு, அப்பவே குரல் கரகரன்னு இருந்துச்சு. பாடிப் பாடிக் கட்டிக்கிச்சுன்னு நெனச்சோம். நான் அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒன்றரை மாசம். ஒன்றரை மாசம் சும்மா விட்டுட்டேன்.

ஏப்ரல் 19
ஓட்டு போட்டாச்சு. அப்பா பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் சிலேட்டுல எழுதிக் கொண்டுவந்து நீட்டுனாரு, பூத்ல இருந்த அம்மா எந்திரிச்சு நின்னு வாங்கிப் பாத்தாங்க. விஜய் நீலாங்கரைல ஓட்டு போட்டதை டிவில போட்டுக்கிட்டே இருக்காங்க. கட்சி ஆரம்பிச்சாச்சு, ஒத்துக்கிட்ட படத்தை முடிச்சுட்டு சினிமாவை விட்டுடுவேன்னு பிப்ரவரிலயே சொல்லிட்டாரு. அப்ப இருந்து அவரு பழைய படம் எதைப் பாத்தாலும் எனக்கு வழியனுப்பி வைக்கிற மாதிரியே இருக்கு.

ஏப்ரல் 20
எப்படி எழுதுறதுன்னு தெரியல. மாசம் ஒருதடவ டிவில போடுற படம், வசனம் ஒவ்வொண்ணும் மனப்பாடம், அதுக்கு இவ்ளோ கூட்டம். முக்கால்வாசிப் பேரு 2004ல பொறந்திருக்கவே மாட்டாய்ங்க. பிரகாஷ்ராஜ் செல்லம்னு வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே தியேட்டரே செல்லம்ங்குது. மதுரைன்னு வர்ற எடத்துலெல்லாம் காது கிழியுது. அப்படி போடு வந்ததும் பொண்ணுங்க, பாட்டிங்க, கைக்குழந்தையோட ஒரு அக்கா எல்லாரும் ஸ்கிரீனுக்கு முன்னாடி போய் ஆடுனாங்க, ஒன்ஸ்மோர் கேட்டு திரும்பவும் போட வச்சாங்க. வித்யாசாகருக்கு இது போதும்யா. ஜனம் புதுசா ஒண்ணைத் தெரிஞ்சுக்க வரல, தெரிஞ்சதை எல்லாரும் ஒரே நேரத்துல சொல்லிப் பாக்கத்தான் வர்றாங்கன்னு தோணுச்சு. வீட்டு டிவில அது நடக்காது.

கத்தி சீன்ல மட்டும் என்னால ஸ்கிரீனைப் பாக்க முடியல. கழுத்து, அந்த எடம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சிலேட்டை நீட்டுறாரு: கூட்டமா? எப்படித் தெரிஞ்சுச்சோ.

ஏப்ரல் 21
மீனாட்சி கல்யாணம். அம்மா தாலிக்கயிறு மாத்துனாங்க. ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டே இருந்தாங்க.

ஏப்ரல் 22
அப்பாவோட தொண்டை ரிப்போர்ட் இன்னும் வரல. தேரோட்டம், மாசி வீதிப் பக்கமே வண்டி போக முடியாது, ரெண்டு நாள் பொறுங்கன்னு போன்ல சொல்லிட்டாங்க. லேசான குரல்ல சொன்னாங்க. அது நல்லதுக்கா கெட்டதுக்கா?

ஏப்ரல் 23
அழகர் ஆத்துல எறங்கிட்டாரு. விடியக்காலை மூணு மணிக்கே கிளம்பி அப்பாவை ஓரமா ஒரு திண்ணைல உக்கார வச்சேன். சுத்தி அத்தன பேரும் கோவிந்தா கோவிந்தான்னு கத்துறாங்க. அவரு வாயை இறுக்கி மூடிக்கிட்டு கைய மட்டும் தலைக்கு மேல கும்பிட்டு வச்சிருந்தாரு. முகத்துல தண்ணி அடிச்சப்பதான் லேசா சிரிச்சாரு.

ஏப்ரல் 24
டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு ராத்திரி ஆட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். பேச மாட்டாரு, விசில் அடிக்க மாட்டாருன்னு நான் சத்தியம் பண்ணாத கொறை. ஓரத்து சீட்டு. மாத்திரை வேகமோ என்னமோ, அரை மணி நேரத்துல தூங்கிட்டாரு. அப்படி போடுக்கு பக்கத்து வரிசை பூரா சீட்டு மேல ஏறி ஆடுது, இவரு வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாரு, சிலேட்டு மடில இருக்கு. நான் படமே பாக்கல. மூச்சு சத்தம் சீரா வருதான்னு குனிஞ்சு குனிஞ்சு கேட்டேன், அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, அதனால நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டேன். கடைசி கபடி மேட்சுக்கு முழிச்சாரு. எதையுமே விடாத மாதிரி நிமிந்து உக்காந்து முடியுற வரைக்கும் பாத்தாரு.

வெளில வந்து பல்பத்தைத் தேடி எழுதுனாரு: பிரிண்ட் சூப்பர். கொக்கர கொக்கரக்கோ எப்ப போச்சு?

நாளைக்கும் இதே ஷோ இருக்கு.

ஏப்ரல் 25
11 மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. பல்பம் தீந்துருச்சு, போற வழில வாங்கணும்.