அம்மாவின் காணி என் பெயருக்கு மாறிய விதம்

அம்மா இறந்த பின், கிளிநொச்சியில் உள்ள அவருடைய மேட்டுக்காணியை என் பெயருக்கு மாற்றுவதற்காகப் பிரதேச செயலகத்துக்கு நடந்த காலத்தில்தான், அவர் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த தாத்தாவும் பாட்டியும், 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சானும் உழுந்தும் பயிரிட்டார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பம் என்பதால், உழுத நிலத்துக்கு அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அம்மாவுக்குப் பிரஜாவுரிமை உறுதியானது. போர் முடிந்து மீள்குடியேறிய பின், அரச காணியைப் பயிரிட்டு அனுபவிப்பதற்கான அனுமதிப்பத்திரம் எழுதும்போது, கணவர் பெயரில் போடலாமே என்ற உத்தியோகத்தரிடம், "கிணறு வெட்ட நின்றது நான், மிளகாய்க்குத் தண்ணி இறைக்கிறதும் நான், என் பேர்லயே எழுதுங்க சேர்" என்றார். அப்பாவும் மறுக்கவில்லை, மறுத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

அதோடு நில்லாமல், தனக்குப் பின் காணிக்கு உரித்தாகும் பின்னுரித்தாளராக என்னை நியமித்துப் பதிவும் செய்திருந்தார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, நியமனம் இல்லாவிட்டால் உரிமை பிள்ளைகளில் மூத்த ஆணுக்கே போகும் என்ற நிலை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்தது. எனக்கு அண்ணன் இருக்கிறார்.

ஆனாலும் வேலை சுலபமாக முடியவில்லை. தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும், அனுமதிப்பத்திரத்திலும் மரணச் சான்றிதழிலும் வேறு விதமாகவும் இருந்தன. இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்த பிறகே கோப்பு நகர்ந்தது. பெயர் வேறுபாடு உள்ள மலையகக் குடும்பங்கள் இதைத் தாய் தந்தையர் இருக்கும்போதே சரிசெய்துகொள்வது நல்லது. இன்னொன்று, இறந்து ஆறு மாதங்களுக்குள் பின்னுரித்தாளர் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். கோப்பு எங்கு கிடந்தாலும் நான் மாரி மழைக்கு முன் உழுவித்துக் கச்சான் போட்டுவிட்டேன். பார்வையிட வந்த காணி உத்தியோகத்தர் முளைத்த பயிரைப் பார்த்து, வேறெதுவும் கேளாமல் குறிப்பெழுதிக்கொண்டு போனார். அடுத்ததாக, அனுமதிப்பத்திரத்தை விட உறுதியான உரிமை தரும் அளிப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.