சம்பளக் கோப்பும் சி ஷார்ப் அட்ரிபியூட்டும்

வங்கி திருப்பி அனுப்பிய சம்பளக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்தேன். ஊழியரின் பெயர், பின்னால் வெற்றிடம், அந்த வெற்றிடத்தின் கடைசியில் நான்கு எழுத்தும் ஒரு பூஜ்யமும் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்குப் பழகிய உருவம் அது. வங்கிக் கிளையின் அடையாளமான ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மொத்த நீளம் 11. அதன் தலைப்பகுதி பெயருக்குள் புகுந்திருந்தது. எல்லா வரிகளிலும் அப்படியே. சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. மாதக் கடைசியில் அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பது வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெயருக்கான இடத்தை வங்கி 30 எழுத்திலிருந்து 35 ஆக நீட்டியிருந்தது. எங்கள் சி ஷார்ப் நிரலில் ஒரு வரியின் அமைப்பை வரையறுக்கும் கிளாஸில் நீளத்தைத் திருத்திவிட்டோம். ஆனால் பெயர், தொகை போன்ற ஒவ்வொரு புலமும் வரியில் எங்கே தொடங்குகிறது என்ற விவரம் வேறொரு எக்ஸ்எம்எல் கோப்பில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. ஒரு புலத்தைப் பற்றிய விவரம் அந்தப் புலத்தின் தலைமேலேயே இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

சி ஷார்ப் நிரல் ஓடும் தளமான டாட்நெட்டில் இதற்கு 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே வழி இருக்கிறது: நிரலின் ஒரு பகுதிமேல் ஒட்டும் குறிப்பு, பெயர் அட்ரிபியூட். சிஸ்டம்.அட்ரிபியூட் என்பதிலிருந்து ஒரு சிறு கிளாஸை உருவாக்கினேன். அதில் தொடக்கம், நீளம் என்று இரண்டு எண்கள். அதன் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும், அதாவது கிளாஸில் உள்ள ஒவ்வொரு புலத்துக்கும், மேலே எழுதினேன்: பெயருக்கு 1, 35, ஐஎஃப்எஸ்சிக்கு 36, 11. கிளாஸின் மேல் ஒட்டுவதற்கு இன்னொன்று, வரியின் மொத்த நீளத்தைச் சொல்வது. எதை எங்கே ஒட்டலாம் என்பதை அட்ரிபியூட்யூசேஜ் என்ற குறி கொண்டு வரையறுத்தேன். இடம் மாறி ஒட்டினால் நிரலை மொழிமாற்றும் கம்பைலரே தடுத்துவிடும்.

ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அட்ரிபியூட் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் நிறுத்தம் வைத்துக் காத்திருந்தும் அங்கே வந்து நிற்கவே இல்லை. அரை நாள் போன பிறகுதான் புரிந்தது: சலவைக்காரர் துணி ஓரத்தில் போடும் குறி மாதிரி இது. குறி விழுந்ததால் சட்டையில் எந்த மாற்றமும் இல்லை. படித்துப் பிரிப்பவர் கையில்தான் அதற்கு வேலை. ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே தன் அமைப்பைப் படிக்கும் வசதி) வழியாக யாராவது கேட்கும்வரை அட்ரிபியூட் பொருளாகப் பிறப்பதே இல்லை.

படிக்கும் பகுதியை எழுதினேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் உருவாகிறது என்பதால், ஒரு கிளாஸுக்கு ஒரே முறை படித்து அகராதியில் சேமித்துக்கொண்டேன். ப்ராப்பர்ட்டிகள் கிளாஸில் எழுதிய வரிசையில்தான் கைக்கு வரும் என்று நம்பாமல், தொடக்க எண்ணை வைத்து நானே வரிசைப்படுத்தினேன். தொகையின் உச்ச வரம்பையும் அட்ரிபியூட்டில் வைக்க ஆசைப்பட்டேன். பணக்கணக்குக்கு ஏற்ற துல்லியமான டெசிமல் வகையை அங்கே அளபுருவாக வைக்க முடியாது. தசமங்களைத் தோராயமாகச் சேமிக்கும் டபுளில் பணத்தை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்துச் சரமாகக் கொடுத்து உள்ளே மாற்றிக்கொண்டேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதையெல்லாம் சரிபார்க்க எழுதிய சோதனை நிரல்தான். வரி நீளம் ஒட்டப்பட்ட எல்லாக் கிளாஸ்களையும் அது தேடி எடுக்கும். ஒரு புலம் முடியும் இடத்துக்கு அடுத்த எழுத்தில் மறு புலம் தொடங்குகிறதா, கூட்டினால் மொத்த நீளம் வருகிறதா என்று பார்க்கும். முதல் நாளே ஒப்பந்த ஊழியர்களுக்கான கிளாஸில் 35 எழுத்து குறைகிறது என்றது. அங்கே பெயரை ஓவர்ரைடு செய்திருந்தோம், அதாவது தாய்க் கிளாஸில் உள்ளதை மாற்றி எழுதியிருந்தோம். குறி தாய்க் கிளாஸில் இருக்கிறது, மரபுவழி வர வேண்டும் என்று ட்ரூவும் கொடுத்திருக்கிறேன், ஏன் வரவில்லை? ஒரு ப்ராப்பர்ட்டியின் விவரத்தைத் தரும் ப்ராப்பர்ட்டிஇன்ஃபோவிடமே கெட்கஸ்டம்அட்ரிபியூட்ஸ் என்று கேட்டால் அந்த ட்ரூவை அது பொருட்படுத்துவதில்லை. அட்ரிபியூட் கிளாஸில் உள்ள ஸ்டாடிக் முறையை அழைத்தால் தாய்வரை போய்த் தேடும். ஒரு வரி மாற்றம்தான். சோதனை இல்லாதிருந்தால் ஒப்பந்த ஊழியர்களின் கோப்பு பெயரே இல்லாமல் போயிருக்கும்.

பக்கத்துக் குழுவினர் இதையே ஜாவாவில் செய்தபோது வேறு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே இந்தக் குறிக்கு அனொட்டேஷன் என்று பெயர்; அது எதுவரை நிலைக்கும் என்று சொல்லும் ரிட்டென்ஷனை ரன்டைம் என்று எழுதாவிட்டால், அது கிளாஸ் கோப்போடு நின்றுவிடும். நிரல் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷனுக்குத் தென்படாது. எங்கள் அனுபவத்தைக் கேட்டுவிட்டு அவர்களும் அதே மாதிரி ஒரு சோதனையை எழுதிக்கொண்டார்கள்.

எக்ஸ்எம்எல் கோப்பை நீக்கிவிட்டோம். சில மாதங்களில் கணக்கு எண்ணுக்கான இடத்தை வங்கி மறுபடி நீட்டியது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்த ஒரு நீளத்தை மட்டும் மாற்றினார். சோதனை சிவப்பாக நின்று, எந்தப் புலம் எதன்மேல் ஏறுகிறது என்று இரண்டு பெயர்களையும் காட்டியது. அவர் யாரையும் கேட்கவில்லை. அதே கிளாஸில் கீழே இருந்த தொடக்க எண்களைத் திருத்தி, மேலே இருந்த மொத்த நீளத்தையும் மாற்றினார். அன்று மாலையே கோப்பு வங்கிக்குப் போனது.