பீட்டர்மாரிட்ஸ்பர்க்: காந்தி பிளாட்பாரமும் கெவின் வோலன்ஸும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர்தான். அதற்கு அந்த டாக்சிக்காரர் கறந்த பணத்தில் நாலு நாள் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். ஏறும்போது ஒரு தொகை சொன்னார். இறங்கும்போது டோல் தனி, பெட்டி தனி என்று கூட்டிக்கொண்டே போனார். அநியாயம்! திரும்பும்போது மினிபஸ் டாக்சியில் வந்தேன். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும், ஆனால் காசு மிச்சம். பின்சீட்டுக்காரர்கள் கொடுக்கும் பணம் கைமாறி முன்னால் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு ரேண்டு தப்பவில்லை.

வழி, தங்குமிடம், செலவு எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஊரில் பிறந்த கெவின் வோலன்ஸ் என்ற இசையமைப்பாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்பதால் நம்மவர்கள் இங்கே வருகிறார்கள். பிளாட்பாரத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், மாரியம்மன் கோயிலில் கும்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். வோலன்ஸ் 1949இல் பிறந்ததும் இதே ஊரில்தான். இசையமைப்பாளர், பியானோ கலைஞர். 1970களில் ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போய், புதுமை இசையில் பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்து, அவருக்கே உதவி ஆசிரியராகவும் இருந்தவர். ஐரோப்பாவின் அதிநவீன இசையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர், ஒலிப்பதிவுக் கருவியோடு தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்து கிராமத்து இசையைத் தேடி அலைந்தார். நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

அதன் விளைச்சல்தான் 1982இல் வந்த 'வைட் மேன் ஸ்லீப்ஸ்' என்ற இசைப் படைப்பு. பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டு இரண்டை ஆப்பிரிக்கச் சுருதிக்கு மாற்றிக் கட்டி, வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியமான வயோலா ட கம்பாவும் தாளமும் சேர்த்து எழுதினார். பிறகு க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற அமெரிக்கத் தந்தி வாத்தியக் குழுவுக்காக நால்வர் வாசிக்கும்படி மாற்றினார். அது இடம்பெற்ற 1992ஆம் வருட ஆல்பம் உலகம் முழுக்கப் போனது.

அந்த இசை எப்படி வேலை செய்கிறது என்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் தங்கிய வீட்டில்தான் விளங்கியது. அந்த வீட்டு ஆயாவின் பேரன் பியானோ படிக்கிறான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னான். நான் விடும் இடைவெளிகளில் மட்டும் அவன் விரல் விழுந்தது. இரண்டு பேர் நெல் குத்தும்போது உலக்கை மாறி மாறி விழுமே, அதே மாதிரி. அடுப்படியிலிருந்து ஆயா எட்டிப் பார்த்தார்: "தம்பி, நீங்க ரெண்டு பேர்தானே அடிக்கிறீங்க, எனக்கு மூணாவதா ஒரு பாட்டு கேக்குதே!" உலோகப் பட்டைகளைக் கட்டைவிரலால் மீட்டும் ம்பிரா என்ற ஆப்பிரிக்க வாத்தியத்தின் சூட்சுமமே அதுதான். யாரும் தனியாக வாசிக்காத மெட்டு ஒன்று நடுவிலிருந்து எழும்பும்.

வோலன்ஸ் 1986இல் அயர்லாந்துக்குப் போய் அந்நாட்டுக் குடிமகனும் ஆகிவிட்டார். அதன்பின் எழுதியவற்றில் ஆப்பிரிக்க மெட்டுகளை விட்டு விலகி, சிக்கனமான, நிதானமான இசைக்குப் போனார். எனக்குப் பழையவைதான் உயிர்.

அப்புறம், சாப்பாடு. கையிருப்பு கரைந்துவிட்டதால் மட்டன் 'பன்னி சௌ'வை விட்டு பீன்ஸ் 'பன்னி சௌ' வாங்கினேன். பன்றி இல்லை, ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் பண்டம். கால் பாக்கெட் ரொட்டியைக் குடைந்து, காரமான பீன்ஸ் கறியை வழிய வழிய ஊற்றி, பக்கத்தில் கேரட் சாலட் வைத்துத் தருகிறார்கள். கறி ஊறிய ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஸ்பூன் கேட்காதீர்கள், கைதான் சரி. ஒன்று வாங்கினால் மத்தியானம் முழுக்கத் தாங்கும். இரண்டு பேர் போனால் ஒன்றே போதும்.