மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை வடிகால் காண் வேலைக்கென்று ஒரு மாதமாகக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு தூசி தாங்காமல், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை போய், அங்கிருந்து ஓட்டோவில் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு, அதுதான் அருங்காட்சியகத்துக்கு, போனேன்.

வழியில் சும்மா ஒரு கதை சொன்னேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஏ14 நெடுஞ்சாலையைத் திருத்த முதல் தொல்லியல்காரர்களை இறக்கினார்கள். மெஷினால் மேல்மண்ணை வழித்தெடுக்க, கீழே வெளிறிய மண்ணில் கருங்கோடுகளாக ஓடியவை இரும்புக்கால, ரோமர் கால வயல் எல்லைகள். எல்லைக்கு வெட்டிய கிடங்கு நாளடைவில் தூர்ந்துபோகும், இலைகுழை உக்கின மண் அதற்குள் நிரம்பும், இரண்டாயிரம் வருஷம் போனாலும் அந்த நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பழைய கோடு ஒன்றைப் புதுக்கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் எது முந்தியது என்பதும் தெரிந்துவிடும்.

"அப்ப வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்டவனையும் பிடிக்கலாம் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

வேறென்ன சொல்வார்! வேலி அடைக்கிற நாளில் அரை முழத்துக்காக வழக்காடிக் கோடு ஏறின பரம்பரை.

நூதனசாலை 1877இல் திறந்தது. உள்ளே 9ஆம், 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலத்துக்குக் கொடுத்த சலுகைகளை எழுதி, அந்தந்த இடத்திலேயே நட்டவை. இந்த வகைத் தூண்களில் காகமும் நாயும் செதுக்குவார்கள். மீறுகிறவன் அடுத்த பிறவியில் அப்படித்தான் பிறப்பானாம். அம்மா அந்தப் பக்கமே நின்றுவிட்டார். எங்கள் மேற்கு வேலிக்காரரை நினைத்திருப்பார்.

நான் பார்க்கப் போனது மும்மொழிக் கல்லை. மேலே இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனவரை நாயனார் என்கிற இந்துத் தெய்வத்துக்கு என்று பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்க் காணிக்கைக் கணக்கு. இவ்வளவு பெரிய சங்கதி 1911இல் கிடைத்தது எங்கே தெரியுமா? காலி நகரில் ஒரு மதகுக்கு மேல், எழுத்துப் பக்கம் கீழே இருக்க, மூடியாக! அளவு சரிவந்தது, எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாரசீகப் பகுதி நன்றாகத் தேய்ந்துவிட்டது. தமிழில் ஓரிரண்டு எழுத்தைக் கூட்டிப் பார்த்தோம், அதற்குள் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள்.

திரும்பி வர நாலு மணி. ஒழுங்கை வாசலில் அம்மா காண் கிடங்கை எட்டிப் பார்த்து, "தம்பி, உள்ளுக்கு ஏதும் வந்ததோ?" என்று வேலை செய்த பொடியனைக் கேட்டார்.

"பொலித்தீன்தான் அம்மா" என்றான் அவன், நாலைந்து மூடிக்கல்லை வரிசையாக இறக்கி வைத்தபடி. அம்மா குனிந்து ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.